நாலாவது வார அசைன்மென்ட்

வைரக்கண்ணுவின் கால்மேல் டிராக்டர் ஏறியபோது ஜெயபாரதி வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். பத்தடி தூரம்கூட இருக்காது. அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் பிறகு பலரிடம் சொல்ல வேண்டிவந்தது. போலீஸில் சொன்னாள், மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள், கடைசியில் திருவாரூர் கோர்ட்டில் கூண்டில் ஏறியும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் விவகாரம் தொடங்கியது வயலில் இல்லை. கல்லூரியில், ஜூலை மாதத்து ஸ்டாஃப் மீட்டிங் ஒன்றில்.

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் உள்ள ஒரு தனியார் கலைக் கல்லூரி அது. ஜெயபாரதி அங்கே பதினோரு வருஷமாகப் பொருளாதாரம் நடத்திவந்தாள். அந்த வருஷம் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று நிர்வாகம் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதல்வர் ஒரு புது விதி கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆசிரியரும் தங்கள் வகுப்புக்கு இலவச ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைப் பாடத்தின் பகுதியாகக் கொடுக்க வேண்டும். முடித்துச் சர்டிபிகேட் காட்டுகிறவர்களுக்கு இன்டர்னலில் இருபத்தைந்து மார்க். எந்தக் கோர்ஸ் என்பது அவரவர் விருப்பம்.

ஆங்கிலத் துறை ரசியா பேகம் மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிய கோர்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் தனக்குத்தான் அது தேவை என்று சொல்லிச் சிரித்தாள். ஜெயபாரதி பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, நில ஆவணங்களைப் பற்றிய எட்டு வாரக் கோர்ஸ் ஒன்றை எடுத்தாள். வீடியோக்கள் தமிழில் இருந்தன. இரண்டாம் வருஷ வகுப்பில் நாற்பத்தொரு பேர். முக்கால்வாசிப் பேர் வீட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ நெல் பயிர் செய்கிறவர்கள். பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். முதல் வார வீடியோவைப் பஸ்ஸில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். நடத்தியவர் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி, நிதானமாக, தெளிவாகச் சொன்னார். அது போதும் என்று விட்டுவிட்டாள். மீதி ஏழு வாரத்தை அவள் பார்க்கவில்லை. விடைத்தாள் இருந்தது, மதிப்பீட்டுக் குழுவுக்கான ஃபைல்கள் இருந்தன.

ஆகஸ்ட் கடைசியில் கோர்ஸ் தொடங்கியது. நாலாவது வார அசைன்மென்ட் செப்டம்பர் இறுதியில் வந்தது. உங்கள் குடும்பம் பயிர் செய்யும் நிலம் ஒன்றின் புல எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அரசு இணையதளத்தில் அதன் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது, எப்போது எப்படி மாறியது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் ஈஸ்வரி வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். வலங்கைமானுக்கு அந்தப் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமத்துப் பெண். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் கேட்டால் சரியாகச் சொல்வாள். போனில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

அவளுடைய தாத்தா விட்டுப்போனது பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மூத்த மகன் பக்கிரிசாமிக்கு ஐந்து, இளையவரான ஈஸ்வரியின் அப்பா வைரக்கண்ணுவுக்கு ஐந்து என்று வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு முப்பது வருஷமாக அவரவர் பாகத்தில் அவரவர் பயிர் செய்துவந்தார்கள். பட்டா இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக இருந்தது. ஈஸ்வரியின் பெரியப்பா பக்கிரிசாமி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது இணையதளத்தில் பத்து மாவும் அவருடைய மகன் ராஜராஜன் பெயரில் மட்டும் இருந்தது. வில்லங்கச் சான்றில் ஒரு வரி. வைரக்கண்ணு தன் பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம். தேதி, பெரியப்பா இறந்து பதினாறாம் நாள்.

அந்த நாளை ஈஸ்வரிக்கு நினைவிருந்தது. வாரிசுச் சான்றிதழுக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி ராஜராஜன் அவள் அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

ஜெயபாரதி வாங்கிப் பார்த்தாள். நல்ல அசைன்மென்ட் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. வகுப்பிலேயே இதுதான் சிறந்ததாக இருக்கும். அந்த நினைப்புக்காகப் பின்னால் அவள் தன்னையே அறைந்துகொள்ள விரும்பினாள்.

"அப்பாகிட்ட காமிச்சியாம்மா?"

"இல்லீங்க மேடம். பயமா இருக்கு. அண்ணன் ரொம்பக் கோவக்காரன். சிங்கப்பூர்லேர்ந்து வந்ததுலேர்ந்து யாரும் எதிர்த்துப் பேச முடியறதில்ல."

நாலரை பஸ் வெளியே ஹாரன் அடித்தது. ஜெயபாரதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"காமி. தெரிஞ்சாத்தானே போய்க் கேக்க முடியும்?"

அவ்வளவுதான் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கும்பகோணம் வரை தூங்கிக்கொண்டே போனாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஈஸ்வரி வரவில்லை. புதன்கிழமை போன் செய்தாள். அப்பா போய்க் கேட்டிருக்கிறார். ராஜராஜன் முதலில் சிரித்தானாம். பொட்டைப்பிள்ளை போனில் எதையோ பார்த்துவிட்டு உளறுகிறது என்றானாம். அப்பா விடவில்லை. கைகலப்பாகி அப்பாவின் முன்பல் ஒன்று போய்விட்டது. ஊரில் நாலு பேர் நடுவில் புகுந்து பேசியதில், படித்தவர் யாராவது வந்து அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. உங்கள் டீச்சரையே கூட்டிவா என்று ராஜராஜனே சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை காலை வரமுடியுமா மேடம்.

ஜெயபாரதியின் கணவன் போகாதே என்றான். ரசியா பேகமும் அதையேதான் சொன்னாள். ஆனால் ஒரு பல் போயிருக்கிறது. தன் வாயிலிருந்து வந்த சொல்லால் போன பல். அவள் கம்ப்யூட்டர் சென்டரில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை ஒன்பது மணிப் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஊரில் யாரும் கூடியிருக்கவில்லை. நாலு பேரில் மூன்று பேருக்கு அன்றைக்கென்று வேறு வேலை வந்திருந்தது. ஈஸ்வரி அவளை நேரே வயலுக்கு அழைத்துப்போனாள். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தால் நாற்று முற்றிவிடும் என்று வைரக்கண்ணு ஆளைவிட்டு நடச் சொல்லிவிட்டார். நாலு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரியின் அம்மா அமிர்தம் நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தாள். பாதி வயல் நட்டாகிவிட்டது. வைரக்கண்ணு மண்வெட்டியால் மடையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார். ஒல்லியான மனிதர். மேலுதடு வீங்கியிருந்தது.

"வாங்க டீச்சர். ஒங்களுக்குத்தான் செரமம்" என்றார்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வரப்பேறுவதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. ராஜராஜன் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் சேற்றில் இறங்குவதற்கான இரும்புச் சக்கரங்களை மாட்டியிருந்தான். பட்டை பட்டையாகக் கம்பி வைத்த, ஆள் உயரத்துக்கு வருகிற சக்கரங்கள். நட்ட வயலில் அந்தச் சக்கரத்துக்கு என்ன வேலை என்று அங்கே இருந்த பெண்களுக்குப் பார்த்ததுமே புரிந்தது. ஜெயபாரதிக்குப் புரியவில்லை.

முப்பத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. வெள்ளைச் சட்டை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. இறங்கிவந்து அவள் முன்னால் நின்றான்.

"நீங்கதான் அந்த ஆன்லைன் டீச்சரா?"

படித்துக் காட்டத்தான் வந்திருப்பதாக அவள் சொன்னாள். படிங்க, சத்தமாகப் படிங்க என்றான். அவள் படித்தாள். புல எண், விஸ்தீரணம், பட்டாதாரர் பெயர். பிறகு விடுதலைப் பத்திரத்தின் தேதி. அந்த இடம் வந்ததும் வைரக்கண்ணு நிறுத்தினார்.

"அண்ணன் செத்த பதினாறாம் நாளுடா அது. மொட்டத் தலையோட என்னை பைக்ல ஏத்திட்டுப் போன. வாரிசுச் சர்டிபிகேட்டுக்குன்னு சொன்ன. சொன்னியா இல்லியா?"

ராஜராஜன் அவரைப் பார்க்கவே இல்லை. ஜெயபாரதியைத்தான் பார்த்தான்.

"பேரு யாரு பேரு டீச்சர்?"

"உங்க பேருதான் இருக்கு. ஆனா அது வந்த விதம்..."

அவன் கையை ஓங்கியதைக்கூட அவள் பார்க்கவில்லை. காதோடு சேர்த்து ஒரு அறை. அடுத்த நொடி அவள் வாய்க்காலுக்குள் கிடந்தாள். முழங்கை கல்லில் பட்டு உரிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. எழுந்து வரப்பேறிக் கண்ணைத் துடைத்தபோது உறை இன்னும் அவள் கையில்தான் இருந்தது, அவன் டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தான்.

மடையை உடைத்துக்கொண்டு டிராக்டர் வயலுக்குள் இறங்கியது. நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு வரப்புக்கு ஓடினார்கள். சக்கரம் போன இடமெல்லாம் காலையிலிருந்து நட்ட நாற்றுகள் சேற்றுக்குள் மடிந்து காணாமல் போயின. ஒரு சால் போனான், திரும்பினான். வைரக்கண்ணு வயலில் இறங்கி அதன் எதிரே போய் நின்றார். கையில் எதுவும் இல்லை. மண்வெட்டியை மடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"ஏத்துடா. என்மேல ஏத்திட்டு ஓட்டு."

நிறுத்திவிடுவான் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். தூக்கி வளர்த்த பிள்ளை. கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தானா என்று பிறகு கோர்ட்டில் கேட்டார்கள். மிதிக்கவில்லை. ஜெயபாரதி அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஒதுங்குவதற்காக ஒரு கால் எடுத்து வைத்தார். ராஜராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை அவர் ஒதுங்கிய பக்கமாகவே ஒடித்தான். முன்சக்கரம் தள்ளியதில் அவர் மல்லாந்து விழுந்தார். பின்சக்கரத்தின் இரும்புப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய வலது காலில் இறங்கின.

இன்ஜின் நின்றது. ஜெயபாரதி எப்படிச் சேற்றில் இறங்கினாள், எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்காலுக்குக் கீழே கால் இருந்த இடத்தில் சேறும் ரத்தமும் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்த எலும்பும் இருந்தன. அமிர்தம் அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஐயோ என்றுகூடச் சொல்லாமல், மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள். ஜெயபாரதி அவருடைய துண்டை உருவித் தொடையில் சுற்றி இழுத்துக் கட்டினாள். கட்டு வழுக்கியது. மறுபடி இழுத்துக் கட்டி, அவிழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது ராஜராஜன் டிராக்டரிலிருந்து இறங்கி வரப்பை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தான். ஓடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தபடி நடந்தான். அவனுக்குப் பின்னால், மடையிலிருந்து எடுத்த மண்வெட்டியோடு ஈஸ்வரி போய்க்கொண்டிருந்தாள்.

ஜெயபாரதி கத்தியிருக்கலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்தப் பெண் திரும்பியிருப்பாள். வாய் திறக்கவில்லை. விழட்டும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. மண்வெட்டி மேலே போனது, இறங்கியது. அவனுடைய இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் பிளந்துகொண்டு நின்றது. அவன் முகம் குப்புற விழுந்தான். ஈஸ்வரி காலால் அவன் முதுகை மிதித்து மண்வெட்டியைப் பிடுங்கி மறுபடியும் ஓங்கினாள். நடவுக்கு வந்திருந்த அம்சம்தான் பின்னாலிருந்து பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சேற்றில் சாய்ந்தாள். இரண்டு பேரும் புரண்டார்கள். வெகுநேரம் அம்சம் பிடியை விடவில்லை.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மாலையே வைரக்கண்ணுவின் காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். ராஜராஜனுக்குத் தோள் எலும்பு முறிந்து நாற்பது தையல். பிழைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் கேஸ் பதிவானது. ஈஸ்வரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே கைது செய்தார்கள். சேறு காய்ந்த சுடிதாரோடு ஜீப்பில் ஏறினாள்.

இன்ஸ்பெக்டர் ஜெயபாரதியிடம் வாக்குமூலம் வாங்கினார். டிராக்டர் ஏறியது வரை எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குப் பிறகு, காலில் கட்டுப்போட்டுக்கொண்டு குனிந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்றாள். இன்ஸ்பெக்டர் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஒன்பது நாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. பகல் முழுதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அமிர்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்துதான் அந்தக் கோர்ஸின் மீதி வீடியோக்களை முதல்முறையாகப் பார்த்தாள். ஐந்தாவது வாரம் தொடங்கி மூன்றாவது நிமிஷத்தில் அந்த ஓய்வுபெற்ற அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்துப் பேசினார். போன வார அசைன்மென்ட்டில் உங்களில் யாருக்காவது பெயர் மாறியிருப்பது தெரியவந்திருந்தால், தயவுசெய்து எதிர்த்தரப்பிடம் போய்க் கேட்காதீர்கள், முதலில் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள், நிலத் தகராறில் எத்தனை கொலை நடக்கிறது என்று என் சர்வீஸில் பார்த்தவன் நான் என்றார். ஜெயபாரதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மீதி நாற்பது அசைன்மென்ட்டையும் அன்றே திறந்தாள். ஆறு பேருடைய நிலத்தில் ஏதோ ஒரு குளறுபடி இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்றும், வக்கீலிடம் தானே அழைத்துப்போவதாகவும் சொன்னாள். ஒரு பெண் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றாள். அங்கே நல்லவேளையாகச் சத்தத்தோடு போயிற்று.

ஒன்பதாம் நாள் காலை, காயத்தில் இறங்கிய சேற்றின் விஷம் உடம்பெல்லாம் பரவி வைரக்கண்ணு செத்துப்போனார்.

அவள் கல்லூரிக்குத் திரும்பிய அன்று முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் டைப் செய்த கடிதம் ஒன்று இருந்தது. அந்த அசைன்மென்ட் கல்லூரிப் பாடத்தின் பகுதி அல்ல, மாணவி தன்னிச்சையாகச் செய்தது என்று அதில் எழுதியிருந்தது. கல்லூரியின் பெயர் கெட்டுவிடும், மதிப்பீட்டுக் குழு வரும் நேரம், ஒரு கையெழுத்துத்தான் என்றார். ஜெயபாரதி மறுத்தாள். மார்க் போட்டு நான் கொடுத்த அசைன்மென்ட் அது, அதைப் பிள்ளையின் தலையில் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த செமஸ்டருக்கு அவள் பெயர் டைம்டேபிளில் இருக்காது என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு மதியம், ஸ்டாஃப் ரூமில் அவளும் ரசியா பேகமும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டான். நடுவில் இருந்தவன் ராஜராஜனின் மச்சான் என்று தன்னை மரியாதையாகவே அறிமுகப்படுத்திக்கொண்டான். கேஸ் இப்போது கொலைக் கேஸாக மாறிவிட்டது, டீச்சர் சாட்சிதான் முக்கியம் என்றான். முதலில் அந்தப் பெண்தான் மண்வெட்டியால் வெட்டினாள், வெட்டுப்பட்டதில் கை நழுவித்தான் டிராக்டர் ஏறியது. இதைச் சொன்னால் போதும்.

"நடந்தது அப்படி இல்ல" என்றாள் ஜெயபாரதி.

"எந்தக் கையால எழுதுவீங்க மேடம்?"

அவளுக்குக் கேள்வி புரிவதற்குள் மூன்றாமவன் அவளுடைய வலது கையைப் பிடித்து மேஜைமேல் அழுத்தினான். சாப்பாட்டு டப்பா கவிழ்ந்து ரசம் ஓடியது. மச்சான் செய்தித்தாளில் சுற்றியிருந்த இரும்புக் குழாயை எடுத்தான். முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது விரல்களில். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. மூன்றாவதாகக் குழாய் ஓங்கியபோது ரசியா பேகம் சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையைக் கழற்றிவிட்டாள். மதிப்பீட்டுக் குழுவுக்காக வாங்கி மாட்டியது அது. இரண்டு கையாலும் தூக்கி அதன் அடிப்பாகத்தால் மச்சானின் வாயில் இடித்தாள். தாடை உடைந்தது. பல்லும் ரத்தமுமாக அவன் நாற்காலிகளின் மேல் சரிந்தான். கையைப் பிடித்திருந்தவன் விட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினான். ரசியா அவன் முதுகிலும் ஒன்று போட்டாள். வராந்தாவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மற்ற இரண்டு பேரையும் அவர்கள் வெளியே விடவில்லை. போலீஸ் வருகிறவரை அடித்த அடியில் ஒருவனுக்குக் கண் போகப் பார்த்தது. ஜெயபாரதி தரையில் உட்கார்ந்து, தொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, போதும் விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் காதிலும் விழவில்லை.

மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். இரண்டு விரல் முழுதாக மடங்காமலே போய்விட்டது.

ஈஸ்வரி ஜாமீனில் வந்ததும் அவளைப் பார்க்கக் கும்பகோணத்துக்கு வந்தாள். கட்டுப்போட்ட கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காக வாதாடும் வக்கீல் சொன்னதை நிதானமாகச் சொன்னாள். தோளில் விழுந்த வெட்டை அம்சம் பார்த்திருக்கிறாள், மற்ற மூன்று பெண்களும் பார்த்திருக்கிறார்கள். டீச்சர் மட்டும் பார்க்கவில்லை என்றால் அப்பாவின் கேஸில் ராஜராஜனின் வக்கீல் கூண்டில் வைத்துக் கிழித்துவிடுவார். அதில் பொய் என்று ஆகிவிட்டால், டிராக்டர் முதலில் ஏறியது என்று சொல்வதும் பொய் என்று ஆகிவிடும்.

"நீங்க பாத்தத சொல்லிடுங்க மேடம். நான் வெட்டினேன். அவன் முதுகக் காட்டிட்டுப் போனப்பதான் வெட்டினேன்."

"உன்ன நான் தடுத்திருக்கலாம். கூப்பிட்டிருந்தா நின்னிருப்ப. வேணும்னேதான் கூப்பிடல" என்றாள் ஜெயபாரதி. அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஈஸ்வரி யோசித்தாள்.

"நின்னிருக்க மாட்டேன்" என்றாள்.

அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று ஜெயபாரதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுவாரம் மாஜிஸ்திரேட் முன்னால் போய், முதல் வாக்குமூலத்தில் மறைத்ததாக ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கோர்ஸ் கொடுத்தது, பார்க்காமல் கொடுத்தது, அப்பாவிடம் காட்டு என்றது, டிராக்டர், மண்வெட்டி.

விசாரணை நடந்து முடிய ஒன்றே முக்கால் வருஷம் ஆனது. கூண்டில் அவளை இரண்டு நாள் குடைந்தார்கள். முதலில் பொய் சொன்னவள்தானே என்று கேட்டார்கள். ஆமாம், சொன்னேன் என்றாள். மாணவிமேல் பாசம்தானே என்றார்கள். ஆமாம், அதனால்தான் அவள் வெட்டியதையும் சொல்கிறேன் என்றாள். தீர்ப்பு நாளில் ராஜராஜனுக்குப் பத்து வருஷம் கொடுத்தார்கள். இன்னொரு கேஸில் ஈஸ்வரியும் குற்றவாளி என்றே தீர்ப்பானது. வயதையும், கண்ணெதிரே நடந்ததையும் கணக்கில் எடுத்து, ஜெயிலுக்கு அனுப்பாமல், மூன்று வருஷம் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். நிலத்தின் மேல் போட்ட சிவில் வழக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தடை உத்தரவு இருந்ததால் அந்த ஐந்து மாவில் இரண்டு போகமாக யாரும் இறங்கவில்லை. கோரை மண்டிக் கிடந்தது.

ஈஸ்வரி உள்ளே பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயபாரதி கோர்ட் படியில் இறங்கும்போது அமிர்தம் எதிரே வந்தாள். கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். வயலில் நாற்றுக்கட்டு வீசிய கை. உதடு கிழிந்தது. ஜெயபாரதி முகத்தை மறைக்கவில்லை, நகரவும் இல்லை.

"எம்புள்ளய கொலகாரின்னு நீதானே சொன்ன? அவருக்குக் கட்டுப்போட்ட கைதானே அது? அந்தக் கைய வச்சிட்டு எப்படி சொன்ன?"

கொலைகாரி என்று அவள் சொல்லவில்லை. கோர்ட்டும் சொல்லவில்லை. ஆனால் அதை விளக்கிக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெண் போலீஸ் ஒருவர் ஓடிவந்து அமிர்தத்தைப் பிடித்து இழுத்தார். புகார் எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. விடுங்க அவங்கள" என்றாள் ஜெயபாரதி.

விட்டதும் அமிர்தம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு, வைரக்கண்ணுவின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் அழாதவள். ஈஸ்வரி வெளியே வந்து, அம்மாவைப் பார்த்தாள், டீச்சரின் உதட்டைப் பார்த்தாள். அம்மாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் போகிற பஸ் நின்றது. அம்மாவும் மகளும் முன்வழியாக ஏறினார்கள். கண்டக்டர் பின்படியில் நின்று, எடம் இருக்கு, ஏறுங்கம்மா என்று ஜெயபாரதியைக் கூப்பிட்டார். அவள் தலையை அசைத்துவிட்டு, கைக்குட்டையை உதட்டில் அழுத்தியபடி அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.